நைனா மோட்டாரிடம் சொன்னது

எட்டு வருடமாக என் அப்பாவின் குரலில் பேசித்தான் சாப்பிட்டேன். முதலில் மேடையில், கையில் மைக்கோடு. அப்புறம் தொலைக்காட்சியில், வேட்டி கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு. என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்கள் எல்லாரும் உண்மையில் அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவருக்கு இது பிடித்திருக்கிறதா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார். மோட்டாரிடம் சொல்லியிருப்பார்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில். பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேலேயே கால்மணி நேரம் நடக்க வேண்டும். கொஞ்சம் நஞ்சை, ஒரு கிணறு, கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் கொட்டகை. வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா வாயில்லாப்பூச்சியும் இல்லை, சிடுமூஞ்சியும் இல்லை. உரம் கிடைக்காததைப் பற்றி, மழை ஏமாற்றியதைப் பற்றி யாரோடு வேண்டுமானாலும் பேசுவார். ஆனால் மனசில் இருப்பதை அந்தந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வராது. அம்மாவிடம் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்வார். என்னிடம் சொல்ல வேண்டியதை மோட்டாரிடம் சொல்வார். நாங்கள் காது கேட்கிற தூரத்தில் இருக்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார், அது வேறு.

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "இவ வச்ச கொயம்ப நீ துன்னுவியா? சொல்லு, துன்னுவியா?" என்று தொழுவத்தில் மாட்டைக் கேட்பார் நைனா. அம்மா அடுப்படியிலிருந்தே, "துன்னலன்னா பட்டினி கெடக்கச் சொல்லு" என்று மாட்டுக்குப் பதில் சொல்வாள். மாடு ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நிற்கும். அரை மணி நேரத்தில் நைனா கை கழுவிவிட்டு வந்து அந்தக் குழம்பையே ஊற்றிச் சாப்பிடுவார்.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் கணக்கில் ஃபெயிலானேன். அன்று வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் மடை திருப்பப் போனேன். நைனா மோட்டாரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஒரு தபா காயில் எரிஞ்சி போச்சின்னு ஒன்ன இன்னா தூக்கியா போட்டோம்? காயில் கட்டிக்கினு வந்து ஓட்டிக்கினு தானே கீறோம்" என்று அதனிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டினார். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அந்த வாரமே மறுதேர்வுக்கு எழுதிப்போட்டேன்.

ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் எப்படியோ இன்ஜினியரிங் முடித்தேன். சென்னையில் போனில் பதில் சொல்கிற வேலை கிடைத்தது. நாள் முழுக்க யாரோ ஒருவரிடம் திட்டு வாங்குகிற வேலை. அந்த ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு காப்பிக் கடையின் மாடியில் நடந்த ஓப்பன் மைக்குக்குப் போக ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம் தருவார்கள். சிரிக்க வைத்தால் அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள். நான் சென்னை டிராஃபிக் பற்றிப் பேசினேன், காதலியைப் பற்றிப் பேசினேன். காதலியே இல்லாதவன் காதலியைப் பற்றிப் பேசினால் எவன் சிரிப்பான்? காப்பி போடுகிறவர்கூடச் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் எழுதி வைத்ததெல்லாம் மேடையில் மறந்துபோனது. வாய் தானாகத் திறந்து நைனாவின் குரலில் காயில் எரிந்த கதையைச் சொன்னது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பாதி வார்த்தையை விழுங்கி, கடைசி வார்த்தையை மட்டும் தூக்கி நிறுத்துகிற அவர் பேச்சு அப்படியே வந்தது. மாடி அதிர்ந்தது. நான் அழுத கதைக்கு அவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு ஜிவ்வென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அது மாதிரி ஒரு சந்தோஷம் அதற்குமுன் எனக்குக் கிடைத்ததே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மேடை ஏறும்முன் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். அப்புறம் கேட்டுப்பார்ப்போம், எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள் என்று. பேருந்தில், டீக்கடையில், கல்யாண வீட்டில் யாராவது ஒரு நல்ல வாக்கியம் சொன்னாலும் கை பைக்குள் போய்விடும். அதை உடனே அதே தொனியில் ரெண்டு தடவை சொல்லிப்பார்த்துப் பதிவு செய்துகொள்வோம். இல்லாவிட்டால் தொனி ஓடிப்போய்விடும். கொஞ்ச நாளில் இது நாமாகச் செய்கிற காரியமாக இல்லாமல் போய்விடுகிறது, கொட்டாவி மாதிரி.

அதற்கப்புறம் லீவு கிடைத்தபோதெல்லாம் ஊருக்கு ஓடினேன். போனைப் பையில் ஓடவிட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கமே சுற்றினேன். வேண்டுமென்றே தாடி வளர்த்துக்கொண்டு போவேன், அதைப் பற்றி மோட்டாரிடம் ஏதாவது சொல்வார் என்று. சொல்வார். என் சம்பாத்தியம், என் கல்யாணம், என் தொப்பை எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார். ஒரு பொங்கலுக்கு ரொம்பச் சந்தோஷமாக, "பட்டணத்துக்குப் போனவன் கயனிய மறந்துடுவான்னு நெனச்சேன். பாத்தியா, வந்தா ஒன் பக்கத்துலயே நிக்கிறான்" என்றார். அதையும் மேடையில் போட்டேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

ஒரு நிகழ்ச்சியைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினார்கள். ஒரே வாரத்தில் அது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. உரக்கடைக்காரர் தன் போனில் போட்டு நைனாவிடம் காட்டியிருக்கிறார். நைனா போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு முழுவதும் பார்த்தாராம். பார்த்து முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யூரியா மூட்டையைக்கூட எடுக்காமல் வந்துவிட்டார். அப்புறம் ஊரில் அவர் தலையைக் கண்டாலே போதும், இன்னா, மோட்டாரு இன்னா சொல்லுது என்று யாராவது ஒருவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த தடவை போனபோது வழக்கம்போலக் கொட்டகைப் பக்கம் போய் நின்றேன். நைனா ஸ்டார்ட்டரைத் தட்டினார். என்னைப் பார்த்தார். மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். எடுத்துக்கொண்டு மடைப் பக்கம் போய்விட்டார். சாயங்காலம் மாட்டிடமும் பேசவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் உம் கொட்டினார். சண்டை போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், ஏதாவது செய்திருப்பேன். அவரோ என்னைப் பார்த்துத் தலையாட்டினார், என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொல்லி அம்மாவுக்குக் கண்காட்டினார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் இருக்கும்வரைக்கும்தான் இந்த மௌனம். நான் பஸ் ஏறியதும் பேச ஆரம்பித்துவிடுகிறார் என்று அம்மா சொன்னாள்.

ரெண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதையும் மேடையில் சொன்னேன். எங்கள் நைனாவுக்கும் மோட்டாருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை, மோட்டார் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டது என்று. நன்றாகச் சிரித்தார்கள்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் சீரியலுக்குக் கூப்பிட்டார்கள். கதாநாயகியின் மாமனார், கிராமத்து ஆள், மோட்டாரிடம் பேசுகிறவர். எனக்கு வயது முப்பத்தொன்று. தலைக்கு வெள்ளை அடித்து, வயிற்றில் துணி சுற்றி, நைனா கட்டுகிற மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். வளசரவாக்கத்தில் ஒரு பங்களாவின் பின்பக்கம் கீற்றுக் கொட்டகை போட்டு, தண்ணீர் இறைக்காத ஒரு பழைய மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாரம் ஆறு நாள், சாயங்காலம் ஏழரைக்கு நான் வந்தேன். ஊர் ஊராக என்னை 'மோட்டார் மாமனார்' என்று கூப்பிட்டார்கள்.

ஆரம்பத்தில் நைனா சொன்னதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தேன். கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அவர் பேசாததால் புதிதாக எதுவும் வரவில்லை. வசனம் எழுதுகிறவரும் நானும் சேர்ந்து இட்டுக்கட்டினோம். டைரக்டர் இன்னும் சத்தமாகப் பேசச் சொன்னார், கண்ணை உருட்டச் சொன்னார், மோட்டாரைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். செய்தேன். கொஞ்ச நாளில் அந்தக் குரல் யாருடையது என்றே எனக்குத் தெரியாமல் போனது.

அம்மா ஒரு நாள் விடாமல் பார்த்தாள். பெருமையும் இருந்தது, சங்கடமும் இருந்தது. நைனா ஏழேகாலுக்கெல்லாம் டார்ச்சை எடுத்துக்கொண்டு கழனிக்குக் கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் அவரை மணமேடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், டிவியில் வருகிறவர் இல்லை, இவர்தான் அசல் என்று எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். கூட்டம் சிரித்தது. நைனா பந்தியில் உட்காராமலே வந்துவிட்டாராம். அதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பெரிய மனிதர் மேல்தான் கோபம் வந்தது. என் மேல் வரவில்லை.

மூன்றாம் வருடம் சீரியலைப் பார்க்கிற கூட்டம் குறைந்தது. கதையில் ஒரு சாவு விழுந்தால் கூட்டம் திரும்ப வரும் என்று முடிவெடுத்தார்கள். வயதான ஆள் நான்தான். மோட்டாரைத் தொடும்போது ஷாக் அடித்துச் சாகிற மாதிரி எழுதினார்கள். பாடை கட்டி, நெற்றியில் காசு வைத்து, மூக்கில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்தார்கள். ரெண்டு நாள் செத்துக் கிடந்தேன்.

சாவு சீன் முடிந்ததும் படப்பிடிப்பில் ஒரு சடங்கு செய்வார்கள். பிணமாக நடித்தவரை எழுப்பி உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். அது ஒளிபரப்பாகாது. ஆனால் அதை எடுக்காமல் யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். செத்தது பொய் என்று அந்தக் கேமராவுக்கே சொல்கிற மாதிரி. கற்பூரம் கொளுத்தித் தலையைச் சுற்றினார்கள். நான் கழுத்து மாலையோடு எழுந்து உட்கார்ந்து, நைனாவின் சிரிப்பையே சிரித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தச் சாவு ஒளிபரப்பான மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே என் அத்தை, நைனாவின் அக்கா, பழையசீவரத்திலிருந்து எங்கள் ஊரில் வந்து இறங்கிவிட்டாள். டிவியில் செத்தது நான்தான், அது வெறும் நடிப்புதான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ராத்திரி கண்ணை மூடினால் தம்பியின் துண்டும் தம்பியின் வேட்டிக்கட்டும் பாடையில் கிடக்கிறதே என்று தூக்கம் பிடிக்கவில்லையாம். தெருமுனையிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நைனா அப்போதுதான் நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தார். எழுப்பி, தலையில் நல்லெண்ணெய் வைத்து, தெருவே வேடிக்கை பார்க்க வாசலில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றி, பூசணிக்காயைச் சுற்றி உடைத்திருக்கிறாள். செத்தவருக்குத் தோஷம் கழிக்கிறார்கள் என்று ஒருவன் சொல்ல, தெருவே சிரித்திருக்கிறது.

அம்மா இதை போனில் சொல்லும்போது முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாதியில் குரல் மாறியது. "ஈரத்துணியோட அப்டியே ஒக்காந்துனு இருந்தாருடா. ஒரு வார்த்த பேசல. நீ ஒரு தபா வந்து பேசிட்டுப் போ" என்றாள். எனக்கு முதல்முறையாக அசிங்கமாக இருந்தது. மனுஷனை உயிரோடு பாடையில் ஏற்றியிருக்கிறேன். அன்றைக்கே கிளம்பினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், நேராக, முகத்தைப் பார்த்து. அதற்கு மட்டும்தான் போனேன் என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் வேண்டியிருந்தது. அவர் மோட்டாரிடம் என்னைப் பற்றி மறுபடியும் பேச வேண்டும். நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மறுநாள் காலையில் கழனிக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையின் பின்பக்கமாகப் போனதால் நைனா என்னைப் பார்க்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னிக்கி ரவ தண்ணி கம்மியாத்தான் கீது. போவட்டும். அவன் வந்துகீறான், பாத்தியா. எளச்சிட்டான். துன்னியாடா, தூங்கனியாடான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வருது. கேட்டா அதயும் கொண்டும்போயி காட்டிடுவான். அதான் பேசறதில்ல. கோவம்லாம் இல்ல. பெத்த புள்ள மேல இன்னா கோவம்? எங்கிட்ட கீறதே இந்த நாலு வார்த்த. அதயும் அவன் எட்துக்கினு போயிட்டா, நான் எத்த வச்சி அவன்கிட்ட பேசறது?"

சொல்லிவிட்டுத் திரும்பினார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். போன் கையில் இருந்தது. ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது அழுத்தினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"அத்த நிறுத்து" என்றார்.

மோட்டாரிடம் இல்லை. மாட்டிடம் இல்லை. என்னைப் பார்த்து, நேராக. என் ஆயுளில் அவர் மனசில் இருந்ததை என் முகத்துக்கு நேராகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு மேல் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க வந்தவன் அதைக் கேட்கவேயில்லை. மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து நைனா அதே வரப்பில் விழுந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் வேறொரு சீரியலில் ஒரு சின்ன வேஷத்துக்காக மேக்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். முகத்தைச் சரியாகத் துடைக்காமலே வந்து சேர்ந்தேன். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை, எல்லாம் எனக்கு வைத்த மாதிரியே வைத்திருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ரெண்டு மூன்று பேர் துக்கம் கேட்டுவிட்டு, கூச்சத்தோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போனைப் பிடுங்கி ஏரியில் எறிந்திருப்பேன். ஆனால் நின்றேன். தோளில் கை போட்டுக்கொண்டார்கள். பாடையைத் தூக்குகிற வரைக்கும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுந்து உட்கார்ந்து ஒரு சிரிப்பு சிரித்துவிடுவார் என்று. பைத்தியக்காரத்தனம்தான். சுடுகாட்டிலும் அதே நினைப்பாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். தொழுவத்தில் மாடு கத்தியது. அம்மா ரொம்ப நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"ஒரு தபா அவுர மாரி பேசேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் அந்தக் குரலால் அவள் பட்ட அவமானம் எனக்குத் தெரியும். வேண்டாம் அம்மா என்றேன். அவள் விடவில்லை. வீடு வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது, ஒரு வார்த்தையாவது பேசு என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மாட்டைப் பார்த்து, இவ வச்ச கொயம்ப நீ துன்னுவியா என்று கேட்டேன். குரல் கணீரென்று வந்தது. கண் தானாக உருண்டது.

அம்மா தலையை ஆட்டினாள். "இது டிவில வர்றவன். அவுரு எங்கடா இப்டி கத்துனாரு?"

மறுபடி முயன்றேன். இன்னும் மெதுவாகச் சொன்னேன். மூன்றாம் தடவையும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அந்த மாமனார்தான் வந்தான், துணி சுற்றிய வயிறும் வெள்ளை அடித்த தலையுமாக. நைனா வரவேயில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் அவர் குரலைக் கொடுத்தவனிடம் அவள் கேட்டபோது கொடுக்க ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்து அழுதேன். அம்மா என் முதுகில் கை வைத்தாள்.

அப்போதுதான் போனில் அந்தப் பதிவு இருப்பது நினைவுக்கு வந்தது. அன்றைக்கப்புறம் நான் அதைத் திறந்து கேட்டதே இல்லை, கேட்கத் தைரியம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். எங்கே எடுத்தாய், எப்போது எடுத்தாய் என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. போடச் சொன்னாள்.

முதலில் மோட்டார் சத்தம். அதற்குள்ளேயிருந்து நைனா. தண்ணி கம்மியாத்தான் கீது என்று அவர் சொன்னதும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். எத்த வச்சி அவன்கிட்ட பேசறது என்பது வந்தது. அத்த நிறுத்து என்பது வந்தது. அத்தோடு முடிந்தது என்று நான் போனை எடுக்கக் கை நீட்டினேன். அது முடிந்திருக்கவில்லை. மோட்டார் சத்தம் தொடர்ந்து ஓடியது. அன்று நான் அதை நிறுத்தவேயில்லை.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம், ரொம்ப மெதுவாக, ரகசியம் பேசுகிற மாதிரி, ஒரு குரல். "நான் எத்த வச்சி அவன்கிட்ட பேசறது?" கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே. "நான் எத்த வச்சி அவன்கிட்ட பேசறது?" முதல் தடவையைவிட இரண்டாம் தடவை இன்னும் சரியாக இருந்தது. அதோடு பதிவு முடிந்தது.

அது நைனா இல்லை. நான். அவர் வரப்பில் நடந்து போய்க்கொண்டிருக்கும்போதே, முதுகு மறைவதற்குள்ளேயே, தொனி ஓடிப்போய்விடுமே என்று சொல்லிப்பார்த்துப் பதிவு செய்திருக்கிறேன். செய்தது சுத்தமாக நினைவில் இல்லை. ஆனால் என் தொழிலை எனக்குத் தெரியும், அது நான்தான். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், இப்போது நிமிர்ந்து என் முகத்தில் காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா? நிறுத்துன்னு சொல்லிட்டு அவுருக்கே மனசு கேக்கல. திரும்பி வந்து மெதுவா சொல்லிட்டுப் போறாரு பாரு. ஒம்மேல கோவமே இல்லடா அவுருக்கு" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அந்த மாதக் கடைசியில் பழைய சீரியலிலிருந்து கூப்பிட்டார்கள். மாமனாருக்கு ஒரு இரட்டைச் சகோதரர் இருந்தாராம், வெளியூரிலிருந்து திரும்பி வருகிறாராம், அதே குரல், அதே மோட்டார். நான் வரவில்லை என்றேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. வேறு ஒரு மிமிக்ரி கலைஞரைப் போட்டுக்கொண்டார்கள். நான் பேசியதைப் பார்த்துப் பேசுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார் என்று சொல்கிறார்கள். இப்போது நான் மற்றவர்கள் எழுதிக் கொடுக்கிற சின்னச் சின்ன வேஷங்களில் வருகிறேன். மேடைக்குப் போவதில்லை.

அம்மா ஊரில்தான் இருக்கிறாள். கழனியைக் குத்தகைக்கு விட்டாயிற்று. சாயங்காலம் ஏழரைக்கு டிவியை நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்கிறாள். அவளிடம் இருப்பது பட்டன் போன், அதில் அந்தப் பதிவை ஏற்ற முடியாது. "கடசியா வந்து சொன்னாரே, அத்த மட்டும் ரவ போடு" என்பாள். அவளோடு பேசிக்கொண்டிருக்கிற போனில்தான் அது இருக்கிறது. பேச்சுக்கு நடுவில் அதை எப்படி அவள் காதுக்கு அனுப்புவது என்று முதல் நாள் எனக்குத் தெரியவில்லை. தடுமாறினேன். அவள் காத்திருந்தாள்.

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நானே மெதுவாகச் சொன்னேன். நான் எத்த வச்சி அவன்கிட்ட பேசறது?

அன்றிலிருந்து தினமும் சொல்கிறேன். படப்பிடிப்பு நடந்தால் ஓரமாகப் போய் நின்று சொல்கிறேன். டிவியில் வருகிறவன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டுவிட்டு உம் என்பாள். அப்புறம், துன்னியாடா என்று கேட்பாள். துன்னேன் என்பேன்.